சிக்னல் எடுத்த சந்திப்புகளில் நடப்பவர்களின் நிலை: செயற்குழுவின் நிலைப்பாடு

கோவையில் சிக்னல்களை எடுத்துவிட்டு யூ-டர்னும் ரவுண்டானாவும் வைத்த வரலாறு உறுப்பினர்கள் அறிந்ததே. வண்டிகள் நிற்காமல் போவதால் பல சந்திப்புகளில் நெரிசல் குறைந்திருப்பதை நம் சங்கத்தின் செயற்குழு மறுக்கவில்லை. இந்த முறையை அடியோடு கைவிடச் சொல்லலாமா என்பதில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. ஆகவே இப்போதைக்கு அப்படிக் கோரவில்லை. ஆனால் சிவப்பு விழும் நேரத்தில்தான் நடப்பவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தைப் பிடுங்கிக்கொண்டவர்கள், அதற்கு ஈடாக அவருக்கு என்ன கொடுத்தார்கள்?

ஒரு வழிக்கு மூன்றரை மீட்டர் என்றால் ஆறு வழிச் சாலையின் அகலம் 21 மீட்டர். விநாடிக்கு 1.2 மீட்டர் என்ற வழக்கமான கணக்கில் நடந்தாலே கடக்க 18 விநாடி ஆகும். மூட்டுவலியோடு விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 26 விநாடி. சிங்கப்பூரில் 2009 முதல் முதியவர்கள் அட்டையைக் காட்டினால் பச்சை நேரம் கூடுகிறது. இங்கே நடப்பவருக்கு விட்டுவைத்திருப்பது ஒரு விநாடிகூட இல்லை. யூ-டர்ன் இடைவெளியில் நிலைமை இன்னும் மோசம். திரும்பும் ஓட்டுநரின் கண் இடப்பக்கமிருந்து பாய்ந்துவரும் வண்டிகள் மேலேயே இருக்கும். மீடியனிலிருந்து வலப்பக்கம் காலெடுத்து வைப்பவர், வண்டி முழுதாகத் திரும்பிய பிறகே ஓட்டுநரின் கண்ணில் படுவார். 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். நடப்பவர்கள் சாலையில் இறப்பது தெரிந்தே போட்ட திட்டத்தில் நடப்பவரை மறந்துபோனோம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நடை மேம்பாலம் கட்டலாமே என்கிறார்கள். வண்டி சமதளத்தில் போக, நடப்பவர் மட்டும் ஏன் மாடியேற வேண்டும்? லிஃப்ட் வைத்தாலும் சுற்றுவழி சுற்றுவழிதான். கண்ட இடத்தில் கடக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை ஓரளவு ஏற்கிறோம். கடக்க இடம் காட்டிவிட்டு அதைச் சொல்லட்டும். நடைபாதை உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் நினைவூட்டுகிறோம். சிக்னல் எடுத்த ஒவ்வொரு சந்திப்பிலும் பொத்தானை அழுத்தினால் வண்டிகளை நிறுத்தும் பாதசாரி சிக்னல் வேண்டும். அதன் நேரத்தை மெதுவாக நடப்பவரை வைத்தே கணக்கிட வேண்டும். அதுவரை அங்கே காவலர் நின்று வண்டிகளை நிறுத்தட்டும். இவை நடக்கும் முன் இன்னொரு சந்திப்பில் சிக்னலை எடுப்பதை இச்சங்கம் ஏற்காது.