அப்ரண்டிஸ் முடித்த பிறகு?

எண்ணூர், திருவொற்றியூர் இளைஞர்களுக்குத் ‘திறன் போதவில்லை’ என்று யாராவது சொன்னால் எரிச்சல் வருகிறது. ஆய்வுக்காக நான் சந்திப்பவர்களில் பலர் ஐ.டி.ஐ. முடித்து, ஆலைகளில் அப்ரண்டிஸாக இருந்தவர்கள். எந்திரம் ஓட்டத் தெரியும். வேலைதான் இல்லை.

1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அதில் இடஒதுக்கீடு உண்டு, பயிற்சிக்கு மட்டும். பழகுநர் ‘தொழிலாளி’ அல்ல என்கிறது பிரிவு 18. பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி நிறுவனமே கொள்கை வகுத்துக்கொள்ளட்டும் என்றது 2014 திருத்தம். தனியார் வேலையிலோ இடஒதுக்கீடே கிடையாது.

2022இல் வந்த ‘நான் முதல்வன்’ நல்லதுதான், பிள்ளைகள் கற்கட்டும். ஆனால் பழகுநர் உதவித்தொகையில் ஒரு பங்கை 2016 முதல் ஒன்றிய அரசு தருகிறதே, அது நம் பணம். அதனால் பயனடையும் ஆலைகள் எத்தனை பேரை, எந்தெந்தச் சாதியினரை நிரந்தரமாக்கின என்று ஆண்டுதோறும் வெளியிடட்டும்.