'எஸ்' படுத்தும் பாடு

ஆங்கில இலக்கணத்தில் நம் பிள்ளைகளை ஆட்டிப் படைப்பது 'எஸ்' என்னும் ஒற்றை எழுத்துதான். 'ஹி கோஸ்' என்பதை 'ஹி கோ' என்று எழுதினால் மதிப்பெண் போகும். பேட்டியில் அப்படிச் சொல்லிவிட்டால் வேலையே போனாலும் போகும். எழுவாய்க்குப் பொருந்திய பயனிலை வேண்டும் என்பது விதி. விதியில் குற்றமில்லை, அதைக் கற்றுக்கொடுக்கும் முறையில்தான் கோளாறு.

பெயர்ச்சொல்லில் 'எஸ்' சேர்த்தால் பன்மை என்று முதலில் சொல்லித் தருகிறோம். 'பாய்' ஒருவன்; 'பாய்ஸ்' பலர். பிறகு, வினைச்சொல்லில் 'எஸ்' சேர்த்தால் ஒருமை என்கிறோம். 'தி பாய் ரன்ஸ்'. 'தி பாய்ஸ் ரன்'! ஒரே எழுத்து இரண்டு வேஷம் போட்டால் பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? "நெட்டுருப் போடு" என்பதே பல வகுப்புகளில் கிடைக்கும் பதில்.

அதற்கு அவசியமே இல்லை. அவன் வந்தான், அவள் வந்தாள், அவர்கள் வந்தார்கள், அது வந்தது என்று எழுவாய்க்குத் தக்கபடி விகுதியை மாற்றிப் பேசுவது தமிழ்ப் பிள்ளைக்குத் தாய் மடியிலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ஒரே 'கேம்'தான்! பெயர் காட்டும் பாலும் வினை காட்டும் பாலும் முரணக் கூடாது என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே வகுத்துவிட்டார். ஆகவே, பெயரில் வரும் 'எஸ்' நம்முடைய 'கள்'. வினையில் வரும் 'எஸ்' நம்முடைய 'ஆன், ஆள், அது' என்று சொன்னால் போதும். நிகழ்காலத்தில், படர்க்கை ஒருமைக்கு மட்டும் அது வரும் என்பதும் எளிதில் விளங்கிவிடும்.

வழக்கமாக இடறும் இடங்களைப் பாருங்கள். 'ஒன் ஆஃப் தி பாய்ஸ்' என்பதற்குப் பின் 'இஸ்' வருமா, 'ஆர்' வருமா? பக்கத்தில் நிற்கும் பன்மையைக் கண்டு கை தடுமாறும். 'பையன்களில் ஒருவன் வந்தார்கள்' என்று எந்தக் குழந்தையாவது சொல்லுமா? 'வந்தான்' என்றுதானே சொல்லும்! அப்படியானால் 'இஸ்'தான். 'ராமனும் லட்சுமணனும் வந்தார்கள்' என்பது பன்மை. 'ராமன் லட்சுமணனுடன் வந்தான்' என்பது ஒருமை. ஆங்கிலத்திலும் 'அண்டு' போட்டால் பன்மை வினை. 'வித்' போட்டால் ஒருமை வினை.

ஒருவரிடம் பேசும்போதும் 'யூ ஆர்' என்று பன்மை வினை ஏன்? முற்காலத்தில் ஒருவனை அழைக்க 'தௌ' என்ற சொல் இருந்தது. 'யூ' பலருக்கு உரியது. மரியாதை கருதி ஒருவரையும் 'யூ' என்று அழைக்கப் போய், கடைசியில் 'தௌ' பொது வழக்கிலிருந்தே மறைந்தது. பெரியவர் ஒருவரை நாம் 'நீங்கள் வருகிறீர்கள்' என்பதில்லையா? அதே மரியாதைதான்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. 'நியூஸ்' என்பது 'எஸ்'ஸில் முடிந்தாலும் ஒருமை. 'போலீஸ்' என்பது 'எஸ்' சேராமலே பன்மை. இத்தகைய சிலவற்றை மனப்பாடம் செய்யட்டும். மற்றதற்கெல்லாம் தாய்மொழி இருக்கிறதே!

ஆனால் ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் குற்றம் என்று நினைக்கும் பள்ளிகள் இருக்கின்றன. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலையும் கதைதான் இது. தமிழைச் சொல்லி ஆங்கிலத்தை விளக்கும் ஆசிரியரைத் தடுக்காதீர்கள். பேட்டி காண்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 'எஸ்' தவறியவனைத் திருத்துங்கள், ஓர் எழுத்தை வைத்து அவன் அறிவையே அளந்துவிடாதீர்கள்.