‘பழகிடுச்சு, ஒண்ணும் ஆகாது’ - மெத் விஷயத்தில் இது உண்மையா?

தண்டையார்பேட்டைக்குப் பக்கத்தில்தான் கொடுங்கையூர். 2024 அக்டோபரில் அங்கே மெத்தம்பெட்டமைன் தயாரிக்க முயன்றதாகக் கல்லூரி மாணவர்கள் கைதானார்கள். ஆக, மெத் நம்ம ஏரியா பிரச்னையும்தான்.

‘உடம்பு பழகிட்டா ஒண்ணும் ஆகாது பாஸ்’ என்பார்கள். இது பாதிதான் உண்மை. தொடர்ந்து எடுத்தால் போதையின் கிக் குறையும், அதனால் அளவு கூடும். ஆனால் எல்லா விளைவும் குறைவதில்லை.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 10 ஆண்களுக்கு ஆம்பெட்டமைனை ஒருநாள் விட்டு ஒருநாள் 3 முறை கொடுத்தார்கள். 2 வாரம் கழித்தும், ஒரு வருடம் கழித்தும் அதே அளவைக் கொடுத்தபோது, மூளையில் டோபமைன் முதல்முறையைவிட அதிகம் சுரந்தது. ஆய்வு வெளியானது 2006-ல்.

சின்ன ஆய்வுதான். நீண்டநாள் கோகைன் பழக்கம் உள்ளவர்களிடம் டோபமைன் குறைவாகச் சுரந்ததைக் காட்டும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் இரண்டாம் உலகப்போருக்குப் பின் மெத் பரவிய ஜப்பானில் மருத்துவர்கள் கவனித்தது முக்கியம்: மெத்தால் மனநோய் வந்து குணமானவர்களில் சிலருக்கு, பல காலம் கழித்துக் கொஞ்சம் எடுத்தாலே சந்தேகமும், காதில் குரல் கேட்பதும் திரும்பின.

அப்படியென்றால், ‘விட்டு ரொம்ப நாளாச்சு, ஒரு தடவைதானே?’ என்பதுதான் மோசமான கணக்கு.

கைது எண்ணிக்கையை மட்டும் சாதனையாகச் சொல்வதும் அதனால்தான் போதாது. 10 நாள் அட்மிஷனோடு முடிகிற சிகிச்சையும் போதாது. வடசென்னை அரசு மருத்துவமனைகளில் வருடக்கணக்கில் தொடரும் ஃபாலோ-அப் வேண்டும். உங்களுக்கோ நண்பருக்கோ உதவி தேவையா? 14446-க்கு இன்றே போன் பண்ணுங்க.