குளிசையை நிறுத்த முன், வாசிப்போம்



சுபஹுக்குப் பிறகு தில்லையடியில் நாங்கள் சிலர் கூடி சீகொங் பயிற்சி செய்வது உங்களில் பலருக்குத் தெரியும். யூடியூப் பார்த்துத்தான் தொடங்கினோம். மூட்டு இளகியது, நித்திரை நன்றாக வருகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் எங்களில் ஒரு நானா சீனி வருத்தத்துக்கான குளிசையை நிறுத்திவிட்டார். இந்த மூச்சுப் பயிற்சி சீனியை முற்றாக மாற்றும் என்று வட்ஸ்அப்பில் வீடியோ வந்ததாம். கிளினிக்கில் சீனி கூடியிருந்ததைக் கண்ட பிறகுதான் திரும்பவும் குளிசை எடுத்தார். அன்றிலிருந்து வாரத்தில் ஒருநாள் இருந்து வாசிக்கிறோம்.

சீன மொழியில் 'சீ' என்றால் மூச்சு, காற்று. 'கொங்' என்றால் நெடுநாள் உழைத்துப் பெறும் திறமை. ஒரு வாரத்தில் கிடைக்கும் அற்புதம் அல்ல என்று பெயரே சொல்கிறது. இது தெரிந்த பிறகு எங்கள் அவசரம் குறைந்தது. எட்டையும் ஓட்டமாக முடிக்காமல், ஓர் அசைவை நிதானமாகச் செய்கிறோம்.

2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு, எல்லாம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கற்றுக்கொடுத்தது என்று நாங்களும் பெருமை பேசினோம். அவர் பெயரில் வழங்கும் 'யிஜின் ஜிங்' நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அவர் காலமோ அதற்கு ஆயிரம் வருடம் முந்தியது. மறுபக்கம், சீனாவின் மவாங்துயியில் கி.மு. 168ஆம் ஆண்டுக் கல்லறையில் கிடைத்த பட்டுத் துணியிலேயே, இப்படிப் பயிற்சி செய்யும் 40க்கு மேற்பட்டோரின் படங்கள் இருக்கின்றன. பெருமைக்காகப் பரப்பும் கதையும் ஆராயாத செய்திதான்.

இது வேற்று மார்க்க வணக்கமா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தாவோ, பௌத்த நம்பிக்கைகளோடு கலந்த வகைகளும் உண்டு. நாங்கள் செய்யும் எட்டு அசைவுள்ள 'பாதுவான்ஜின்', சீன அரசின் விளையாட்டுத் துறை உடற்பயிற்சியாகத் தொகுத்துப் பரப்பியது. சந்தேகமிருந்தால் ஆலிமிடம் கேட்போம். கேட்பதற்கும், என்ன செய்கிறோம் என்று முதலில் நமக்குத் தெரிய வேண்டுமே.

யார் எழுதியது, எப்போது எழுதியது, சொல்பவர் எதையாவது விற்கிறாரா? பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் இந்த மூன்று கேள்விகளையும் நாமும் கேட்போம். 'இக்ரஃ' என்ற கட்டளையோடு தொடங்கிய உம்மத் நாம். டொக்டரைக் கேட்காமல் ஒரு குளிசையையும் நிறுத்த வேண்டாம்.

வாசிக்க விரும்புகிறவர்கள் வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.