சாவிக்கொத்தைப் பைக்குள் வையுங்கள்

பேருந்து நிலையத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் போதும், "யாராவது இரும்பு குடுங்கப்பா!" என்று ஒரு குரல் கிளம்பும். இறுகிய விரல்களைப் பிரித்துச் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். சிறிது நேரத்தில் வலிப்பு அடங்கும். பேரைச் சாவி தட்டிக்கொண்டு போகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

மூளை நரம்பணுக்களில் மின்துடிப்பு கட்டுமீறுவதால் வருவது வலிப்பு. பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். கையில் இரும்பு இருந்தாலும் நிற்கும், வாழைப்பழம் இருந்தாலும் நிற்கும்.

"நம்பிக்கைதானே, என்ன கெட்டுப்போச்சு?" என்பவர்கள் உண்டு. சாவி தேடும் நேரத்தில் அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க ஆளில்லை. எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகிறது. பல்லுக்கிடையே கரண்டியைச் செருகிப் பல்லை உடைக்கும் பரோபகாரிகள் வேறு. எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, இரும்புக்கே அடங்குகிற நோய்க்கு மாத்திரை எதற்கு என்ற எண்ணம். ஒழுங்காக மருந்து எடுத்தால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பீனோபார்பிட்டால் 1912 முதலே புழக்கத்தில் இருக்கிறது, விலையும் மலிவு.

நோயாளி வாழ்வது அந்த இரண்டு நிமிடத்தில் அல்ல, மீதி நாள் முழுவதிலும். குளியலறையில் தாழ்ப்பாள் போடாமல் குளிக்க வேண்டும். கிணற்றடிக்குத் தனியாகப் போகக் கூடாது. தூக்கம் கெடக் கூடாது, ஒரு வேளை மாத்திரையும் தவறக் கூடாது. கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கோ இதில் எதுவும் வாய்ப்பதில்லை. மாத்திரை அட்டையைப் புடவை மடிப்புக்குள் ஒளிக்கிறாள். சொந்தக்காரர்கள் நிறைந்த வீட்டில் அதை எடுக்க வழியில்லை. விடிகாலை முகூர்த்தம் என்று இரவெல்லாம் விழித்திருக்கிறாள். வலிப்பு வராமல் என்ன செய்யும்? வந்ததும் "மறைச்சுட்டாங்க" என்று பழி. மறைக்க வைத்தது யார்? அடிக்கடி வரும் வலிப்பைத் திருமணத் தகுதிக்குத் தடையாக வைத்திருந்த விதியை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-இல் நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. சம்பந்தி வீடுகள் இன்னும் நீக்கவில்லை.

அடுத்த முறை ஒருவர் விழுந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். அருகிலுள்ள கல், கண்ணாடியை அகற்றுங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்காமல், உதறல் தணிந்ததும் பக்கவாட்டில் திருப்புங்கள். வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். அவர் கண் விழிக்கும்போது வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள்.