"ஓடுகிறதே, பிறகென்ன?" என்போருக்கு

"வேலை செய்கிற கணினியில் ஏன் கைவைக்க வேண்டும்?" வானொலி நிலையங்களில் விண்டோஸ் எக்ஸ்பியையும் விண்டோஸ் 7ஐயும் மாற்றுங்கள் என்று சொல்லும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் பதிலாக வருகிறது. கேட்பவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். ஒலிபரப்புத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அதனால் நிலைய நிர்வாகங்கள் அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கின்றன. அதனாலேயே அதை வெளிப்படையாக மறுக்க வேண்டியும் இருக்கிறது.

முதலில், ஓடுகிறது என்பது ஒரு வாதமே இல்லை. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, வழக்கமான விண்டோஸ் 10 பதிப்புகளுக்கு 2025 ஒக்டோபர் 14. அந்தந்தத் திகதிக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கப் பொதுவாக ஆளில்லை. அதைவிட மோசம், புதிய பதிப்புக்கு வெளியாகும் ஒவ்வொரு திருத்தமும், பழைய பதிப்பில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தாக்குபவனுக்குக் காட்டிக்கொடுக்கக்கூடும். கணினி நேற்றுப் போலவே இன்றும் பாட்டுப் போடும். அதன் ஆபத்து மட்டும் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகும்.

அடுத்து அவர்கள் பெரிதாக நம்பும் வாதம்: "ஒலிபரப்புக் கணினியை நாங்கள் இணையத்தில் இணைப்பதில்லை." கலையகத்துக்குள் போய்ப் பாருங்கள். பிரதேச நிருபர் செய்தியை வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்புகிறார். எக்ஸ்பி கணினியில் வாட்ஸ்அப்பைத் திறக்க வழியில்லை. குரோம் உலாவியே 2016 ஏப்ரலில் எக்ஸ்பியைக் கைவிட்டுவிட்டது. ஆகவே குரல்பதிவு கைத்தொலைபேசியில் இறங்கி, கேபிள் வழியாகச் செய்தியறைக் கணினிக்குப் போய், அங்கிருந்து பென்டிரைவில் ஏறி ஒலிபரப்புக் கணினிக்கு வந்து சேர்கிறது. அந்தப் பென்டிரைவ் காலையில் விளம்பரக்காரரின் மடிக்கணினியிலும் முந்தின நாள் கடைத்தெருத் தொடர்பகத்திலும் செருகப்பட்டதுதான். திறந்தால் கோப்புறைகள் எல்லாம் மூலையில் சிறு அம்புக்குறியோடு குறுக்குவழிகளாக மாறிக் கிடக்கும். நம்மூரில் கணினி தொட்ட எவருக்கும் அந்தக் காட்சி பழக்கம். 2008இல் கொன்ஃபிக்கர் புழு பரவிய வழிகளில் பென்டிரைவும் ஒன்று. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், இணையத்தோடு தொடர்பே இல்லாத ஈரானிய அணு ஆலைக்குள் அப்படித்தான் நுழைந்தது என்று கருதப்படுகிறது. இணையக் கம்பியைக் கழற்றிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர், தினமும் பல தடவை அதைக் கையால் செருகிக்கொண்டிருக்கிறார்.

செய்தியறைக்கும் கலையகத்துக்கும் நடுவே உள்ளக வலையமைப்பு இருந்தால் பென்டிரைவ்கூடத் தேவையில்லை. 2017 மே 12ஆம் திகதி பரவிய வானாக்ரை என்ற கப்பப் புழு, யாரும் எதையும் சொடுக்காமலே ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்குத் தாவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில் வெளியாகியிருந்தது. மாட்டியவர்களில் பெரும்பாலானோர் விண்டோஸ் 7ஐ வைத்துக்கொண்டு அதைப் போடாமல் விட்டவர்கள்.

"சின்ன வானொலியை யார் தாக்கப் போகிறான்?" என்றும் கேட்கிறார்கள். ஜெர்மனியின் பவேரியாவில் ரேடியோ கெரெட்ஸ்ரீட் என்றொரு உள்ளூர் நிலையம் இருக்கிறது. 2024 ஜூலையில் அதன் இசைக் கோப்புகள் அத்தனையையும் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்டார்கள். பெரிய நிலையங்களுக்கும் விலக்கில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் கேகியூஈடி 2017 ஜூனில் தாக்கப்பட்டு, ஒரு மாதம் கழிந்தும் முழுதாக எழவில்லை. தாக்குபவன் நிலையத்தின் பெயரைப் பார்த்து வருவதில்லை. திறந்திருக்கும் கதவைத் தானியங்கி நிரல் தேடுகிறது. கண்டால் நுழைகிறது.

காசில்லை என்ற வாதத்துக்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டாம். லங்கா அரசாங்க முகில் என்ற நமது இலங்கை அரசின் சொந்தக் கட்டமைப்பு 2023 ஓகஸ்ட்டில் கப்பத் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு அழிந்துபோனது. அங்கே ஓடியது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013, ஆதரவுக் காலம் ஏப்ரலிலேயே முடிந்த பதிப்பு. அதைப் புதுப்பிக்காததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று நிதி இல்லை என்பது. அந்தக் காலத்துக்குரிய காப்புப் பிரதியும் இருக்கவில்லை. சேமித்தது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்ற கணக்கை நிதி இல்லை என்பவர்களே போட்டுப் பார்க்கட்டும்.

அவர்கள் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 சில்லு கேட்கிறது. பழைய பெட்டிகளில் ஏறாது. பழைய ஒலி அட்டைக்குப் புதிய ட்ரைவர் கிடைக்காது. நேரலைக்கு நடுவே கணினி தானாக மறுதொடக்கம் செய்த அனுபவமும் பொய்யல்ல. ஆனால் இவை எப்படி மாற்றுவது என்ற கேள்விக்குரியவை. மாற்றாமல் இருப்பதற்கு நியாயமாக மாட்டா. விண்டோஸ் 10இன் ஐஓடி எல்டிஎஸ்சி 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரை திருத்தங்கள் உண்டு, மறுதொடக்க நேரத்தை நாமே குறிக்கலாம். அதற்கும் காசில்லையா? லினக்ஸ் இருக்கிறது. அதில் இயங்கும் ரிவென்டெல் என்ற ஒலிபரப்புத் தானியக்க மென்பொருள் இலவசம், பல ஆண்டுகளாக நிலையங்களில் புழக்கத்தில் உள்ளது. இந்தியாவில் கிராம் வாணி அமைப்பு, சமுதாய வானொலிகளுக்கென்றே கிரின்ஸ் என்ற திறந்த மென்பொருளை லினக்ஸில் உருவாக்கி, கையில் காசில்லாத கிராமத்து நிலையங்களில் ஓடவைத்தது. அந்த ஏழை நிலையங்களுக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியாது? பொதுவான யூஎஸ்பி ஒலிக் கருவி ஒன்றை லினக்ஸில் செருகினால் பெரும்பாலும் ட்ரைவரே கேட்காது.

என்னைக் கோபப்படுத்துவது கடைசி வாதம்: "நின்றால் பாட்டுத்தானே நிற்கும்." இதைச் சொல்பவர் மன்னார் மாவட்டத்தின் முள்ளிக்குளத்துக் கரையில் ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். 2007 செப்டெம்பரில் ஊரைவிட்டு எழுப்பப்பட்டு, ஊரில் அமைந்த கடற்படை முகாமுக்கு வெளியே மலங்காட்டிலும் காயாக்குழியிலும் வாழ்க்கையை மறுபடி தொடங்கியவர்கள் அந்த மக்கள். அவர்களுக்குத் தொழில் கடல். "புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பு" என்று வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் வாசிக்கப்படும்போது, அந்தச் சொற்களுக்கு நடுவில் இருப்பது அவர்களுடைய வள்ளங்கள். கரையைவிட்டு விலக விலகத் தொலைபேசிக் கோடு மறையும்; வானொலி அதைத் தாண்டியும் கேட்கும். 2020 டிசெம்பரில் புரெவி புயல் கிழக்குக் கரையில் ஏறி, வடக்கைக் கடந்து, மன்னார் வளைகுடாவில்தான் இறங்கியது. அப்படியொரு இரவில் ஒலிபரப்புக் கணினி கப்பம் கேட்கும் சிவப்புத் திரையோடு உறைந்து நின்றால், நின்றது பாட்டு என்று எவராவது சொல்வாரா?

மாற்றுவதற்கு ஒலிபரப்பை ஒரு நிமிடமும் நிறுத்த வேண்டியதில்லை. புதிய கணினியைப் பழையதன் பக்கத்தில் வைத்து, கேட்போர் குறைந்த பின்னிரவு நிகழ்ச்சிகளை முதலில் அதில் ஓடவிடுங்கள். அறிவிப்பாளர்களின் கை பழகட்டும். பாட்டுக் களஞ்சியத்தின் பிரதி ஒன்றை வெளி வன்தட்டில் எடுத்து, கழற்றி, வேறு அறையில் வையுங்கள். பழைய கணினி வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட நிலையில் அவசரத்துக்கு இருக்கட்டும். பென்டிரைவுகளைச் சோதிக்க மட்டும் தனியாக ஒரு கணினி வாசலில் இருக்கட்டும்.

நிலையப் பணிப்பாளர்களிடம் கேட்பது இதுதான். "ஓடுகிறதே" என்று உங்களுக்கு ஆலோசனை சொல்பவரிடம், கணினி விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் எழுப்பித் தருவார் என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அவருடைய ஆலோசனையை ஒதுக்கிவையுங்கள். வாடைக்காற்று தொடங்கி, புயல் மாதங்கள் வருமுன், ஒக்டோபருக்குள் அந்தக் கணினிகளை மாற்றிவிடுங்கள்.