நூத்தி முப்பது ரூபாய் லாபம்

எங்க வீட்டுல ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் இருக்கு. அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது. அந்த மாடல் உற்பத்தி நின்னு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. "இதை முதல்ல காயலான் கடையில போடுங்க"ன்னு அம்மா வருஷா வருஷம் போகியன்னைக்குச் சொல்லுவாங்க. அப்பா காதுலயே வாங்கிக்க மாட்டார். நான் காலேஜ் சேர்ந்ததும் சாவி என் கைக்கு வந்துச்சு.

அந்த வண்டியோட முன் பிரேக் கேபிள் போன மழைக்காலத்துல போயிடுச்சு. முழுசா அறுந்து போகலை. பிரேக் லீவர்ல மாட்டுற முனைக்குப் பக்கத்துல பிரிபிரியா பிசிறு விட்டிருந்துச்சு. அப்பா முன்னூறு ரூபா கொடுத்து, "நல்ல கடையா பார்த்துச் செஞ்சு வாங்கிட்டு வா"ன்னார்.

திருச்சியில பாலக்கரை பக்கம் கேபிள் செய்யற கடை ஒண்ணு இருக்குன்னு மெக்கானிக் சொல்லி அனுப்பினார். ஒரு ஆள் உட்கார்ந்தா இன்னொரு ஆள் வெளியில நிக்கணும், அவ்வளவுதான் கடை. பழைய கேபிளைக் கையில வாங்கி, நீட்டி, வளைச்சுப் பார்த்துட்டு அவர் சொன்னார்:

"இருநூத்தம்பது ஆவும் தம்பி. சாயங்காலம் வாங்க."

"என்னண்ணே, ஒயரு நாப்பது ரூபாதானே?"

"ஒயரு நாப்பதுதான். வாங்கிட்டுப் போயி நீங்களே கட்டிக்கிறீங்களா?"

எனக்குச் சுருக்னு கோபம் வந்துடுச்சு. மூணு வருஷமா பி.காம். படிக்கிறவன்கிட்ட நாப்பது ரூபா சரக்குக்கு இருநூத்தம்பதா? கேபிளைப் பிடுங்காத குறையா வாங்கிட்டு, ரெண்டு தெரு தள்ளி இன்னொரு கடைக்குப் போனேன். அங்க நூத்தி அம்பதுன்னு ஆரம்பிச்சு, நான் பேசிப் பேசி நூத்தி இருபதுக்கு முடிச்சேன். இருபதே நிமிஷத்துல கேபிள் ரெடி. மிச்சம் பிடிச்ச நூத்தி முப்பது ரூபாய்க்கு நானும் ஒரு நண்பனும் பரோட்டா சாப்பிட்டோம். அப்பாகிட்ட இருநூத்தம்பதுன்னே சொல்லிட்டேன். (ஆமாங்க, இப்போதான் முதல் தடவையா வெளியில சொல்றேன்.)

சரியா ஒன்பதாவது நாள். பின்னாடி தங்கச்சி. ஸ்ரீரங்கம் போற வழியில முன்னாடி போன ஆட்டோ சட்டுனு நின்னுச்சு. பிரேக்கை அழுத்தினேன். 'டப்'புன்னு ஒரு சத்தம், லீவர் கைப்பிடியோட போய் ஒட்டிக்கிச்சு. பின் பிரேக்கை மிதிச்சு, வண்டியை ஓரமா இழுத்து, மணல் குவியல்ல விட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகலை. தங்கச்சிக்கு முழங்கை முழுக்கச் சிராய்ப்பு, கண்ணாடி உடைஞ்சு போச்சு. அந்த மணல் அங்க இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்னு நான் இன்னும் யோசிச்சு முடிக்கலை. அப்பா திட்டவே இல்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

அறுந்த கேபிளை எடுத்துக்கிட்டு வெட்கத்தை விட்டு முதல் கடைக்கே போனேன். அவர் முனையில இருந்த உலோகக் குண்டைக் காட்டினார். நிப்பிள்னு சொல்லுவாங்களே, அதுதான். "ஒயரு அறுந்திருக்கா பாருங்க" என்றார். அறுந்திருக்கலை! ஒயர் முழுசா, பளபளன்னு, ஈயத்துக்குள்ள இருந்து அப்படியே உருவிக்கிட்டு வந்திருந்துச்சு. ஈயம் ஒயரைப் பிடிக்கவே இல்லை, சும்மா மேல உட்கார்ந்திருந்திருக்கு.

அதுக்கப்புறம் மூணு சனிக்கிழமை அந்தக் கடையில போய் உட்கார்ந்திருக்கேன். அங்க கத்துக்கிட்டதை வச்சுத்தான் இதை எழுதறேன்.

இந்தக் கேபிளோட தத்துவம் ரொம்பப் பழசு. எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்கிற ஐரிஷ்காரர் 1896-ல இதுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னைக்கும் உலகம் முழுக்க 'பௌடன் கேபிள்'னுதான் பேர். உள்ளே மெல்லிய இரும்புக் கம்பிகளை முறுக்கின ஒயர். வெளியே ஸ்பிரிங் மாதிரி நெருக்கமாச் சுத்தின இரும்புக் குழாய், அதுக்கு மேல பிளாஸ்டிக் உறை. நாம உள் ஒயரைத்தான் பார்க்கறோம். ஆனா ஒயர் இழுக்கும்போது அந்த இழுவையை எதிர்த்துத் தாங்கறது அவுட்டர். அது நசுங்கிப் போயிருந்தாலோ, சுருள் விரிஞ்சிருந்தாலோ, நீங்க எவ்வளவு அழுத்தினாலும் பாதி அழுத்தம் அவுட்டரைச் சுருக்கறதுலயே போயிடும். பிரேக் 'கொழகொழ'ன்னு இருக்கும்.

முனையில ஈயம் வைக்கறதுதான் உயிர் நாடி. நம்ம விரல் கொடுக்கற அழுத்தத்தை லீவர் நாலஞ்சு மடங்காக்கிக் கேபிளுக்கு அனுப்புது. அவசரத்துல பிடிக்கிற பிடி மொத்தமும் அந்தச் சின்னக் குண்டுலதான் வந்து நிக்குது. அதனால அவர் செய்யற முறை இப்படி:

முதல்ல ஒயரை வெட்டணும். சும்மா கட்டிங் பிளேயர்ல வெட்டினா பிரிஞ்சு போகும். அதனால வெட்டப் போற இடத்துல கொஞ்சம் ஈயம் ஏத்திட்டு, உளியை வச்சு ஒரே அடி. அவுட்டரை வெட்டினதும் அதோட வாயைத் தேய்ச்சுச் சமமாக்கணும். பிசிறு ஒண்ணு உள்பக்கம் நீட்டிக்கிட்டிருந்தா, அது ஒவ்வொரு இழுப்புக்கும் ஒயரை ரம்பம் மாதிரி அறுக்கும். அப்புறம் ஒயர் முனையில எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமச் சுத்தம் பண்ணி, நிப்பிளுக்குள்ள விட்டு, வெளியில நீட்டிக்கிட்டிருக்கற கொஞ்சூண்டு நுனியைப் பூ மாதிரி விரிச்சு விடணும். நிப்பிளோட வாய் புனல் மாதிரி அகலமா இருக்கும். விரிஞ்ச பூ அதுக்குள்ள உட்கார்ந்த பிறகுதான் ஆசிட் தடவி, உருகின ஈயத்துல முக்கறது. ஈயம் இழை இழையா உள்ள ஏறணும். இப்போ ஒயர் உருவணும்னா அந்தப் பூவே நிப்பிளோட சின்ன ஓட்டை வழியா வரணும். வராது.

சூடும் முக்கியம். வெள்ளீயமும் காரீயமும் 63-க்கு 37 கலந்தா 183 டிகிரி செல்சியஸ்லயே உருகிடும். அதுக்குக் கொஞ்சம் மேல இருந்தாப் போதும். அவசரப்பட்டு கேஸ் நெருப்பை நேரா ஒயர் மேல காட்டினா அதோட முறுக்கும் உறுதியும் போயிடும். கடைசியில ஆசிட்டைக் கழுவி எண்ணெய் விடணும். இல்லேன்னா அதுவே ஆறு மாசத்துல உள்ள இருந்து துருவாத் தின்னுடும்.

நானும் ஒண்ணு செஞ்சு பார்த்தேன். ரெண்டு முனையிலயும் அழகா ஈயம் வச்சுட்டு நிமிர்ந்தா, ஒயருக்கு அவுட்டரையே மாட்டலை! அவர் சிரிக்கலை. "எல்லாரும் முதல்ல இதைத்தான் செய்வாங்க தம்பி"ன்னு மட்டும் சொன்னார் :-)

இப்போ நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். அவரையே கேட்டுக் கணக்குப் போட்டேன். உள் ஒயர் 40. அவுட்டர் 55. நிப்பிளும் மூடியும் 15. ஈயம், ஆசிட், கேஸ் 15. மொத்தம் 125. மீதி 125-ல அவரோட ஒரு மணி நேரம், கடை வாடகை, கரண்ட் பில், வேலையே வராத நாள் எல்லாம் அடக்கம்.

திரும்பப் படிங்க. பொருளுக்கே 125 ஆகுது. நான் பேசி முடிச்சது 120-க்கு!

காஸ்ட் அக்கவுண்டிங்ல முதல் பாடமே இதுதானே. பொருள் செலவைவிடக் குறைச்ச விலைக்கு ஒருத்தர் விக்கிறார்னா ஒண்ணு அவர் நஷ்டத்துல போறார், இல்லேன்னா எதையோ போடலை. அந்த ரெண்டாவது கடைக்காரர் என்ன போடலைன்னு இப்போ எனக்குத் தெரியும். அவுட்டர் மாத்தலை, பழசையே துடைச்சுப் போட்டிருந்தார். ஒயரைச் சுத்தம் பண்ணலை. பூ விரிக்கலை. அவர் நேர்மையில்லாதவர்னு ஒரே வார்த்தையில முடிச்சிடலாம். ஆனா நூத்தி அம்பதுல இருந்து முப்பது ரூபாயை உருவினது நான்தானே? என் பேரத்தால குறைஞ்சது அவரோட லாபம் இல்லை, எங்க பிரேக்கோட பிடி.

இதுதான் நான் சொல்ல வர்றது. கைவேலையில பேரம் பேசும்போது விலையை மட்டும் குறைக்கறதா நினைக்கறோம். ஆனா அந்த வேலையில நம்ம கண்ணுக்குத் தெரியாத பாகம்தான் முதல்ல குறையுது. துணியில குறைச்சா கண்ணுக்குத் தெரியும். நிப்பிளுக்குள்ள குறைச்சா ஒன்பதாவது நாள்தான் தெரியும்.

"அதான் கம்பெனி கேபிளே கிடைக்குதே, எதுக்கு இந்த வம்பு?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். உங்க வண்டி இன்னும் உற்பத்தியில இருந்தா கண்ணை மூடிக்கிட்டு ஒரிஜினல் கேபிளையே வாங்குங்க. இந்தத் தொழில்ல இந்தியா ஒண்ணும் சின்ன ஆள் இல்லை. பெங்களூருல 1985-ல ஆரம்பிச்ச சுப்ரஜித் இன்ஜினியரிங், 2016-ல அமெரிக்காவோட வெஸ்கான் கண்ட்ரோல்ஸையே வாங்குற அளவுக்கு வளர்ந்துச்சு. கேபிள் கடைக்காரரே முதல்ல "கம்பெனி கேபிள் கிடைக்குமான்னு பார்த்தீங்களா?"ன்னுதான் கேட்கறார்.

ஆனா உற்பத்தி நின்ன வண்டிக்கு? ஹேண்டில்பார் மாத்தினதால நீளம் பத்தாத வண்டிக்கு? நடவு நேரத்துல கிளட்ச் கேபிள் அறுந்த பவர் டில்லருக்கு? முசிறி பக்கத்துல இருந்து ஒரு விவசாயி வந்திருந்தார். களை வெட்டற மெஷினோட ஆக்சிலேட்டர் கேபிள். வாங்கின இடத்துல மொத்த செட்டா வரணும், ரெண்டு வாரம் ஆகும்னு சொல்லிட்டாங்களாம். அவர் வாங்கிட்டுப் போக அரை மணி நேரம்தான் ஆச்சு. ரெண்டு வாரத்துல களை எவ்வளவு வளரும்னு எந்தப் பேலன்ஸ் ஷீட்லயும் வராது.

2022 ஜூலையில மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு போட்டாங்க. விவசாயக் கருவிகள், மொபைல், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள்னு நாலு துறையைத் தேர்ந்தெடுத்தாங்க. நல்ல விஷயம். ஆனா உரிமை காகிதத்துல இருந்து, பழுது பார்க்கற ஆள் தெருவுல இல்லேன்னா என்ன பிரயோசனம்? அவரோட பையன் இந்தத் தொழிலுக்கு வரலை. "நாப்பது ரூபா ஒயருக்கு இவ்வளவான்னு நாள் முழுக்கக் கேட்டுக்கிட்டு இருக்கணுமாப்பா?"ன்னானாம். அந்தக் கேள்வியை அவங்க அப்பாகிட்ட கடைசியாக் கேட்டவங்கள்ல நானும் ஒருத்தன்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்ல ஆக்சிலேட்டருக்கு ஒயரே தேவையில்லை, டிஸ்க் பிரேக்குக்கு ஆயில் இருக்கு, இந்தத் தொழில் தானாப் போயிடும்னு சொல்றவங்களும் உண்டு. போகலாம். அதுவரைக்கும் ஓடுற டிரம் பிரேக் வண்டிங்கள்ல நாமளும் நம்ம வீட்டு ஆளுங்களும்தானே உட்கார்ந்திருக்கோம்?

அதனால பேரம் பேசறதுக்குப் பதிலா இதைக் கேளுங்க:

1. அவுட்டர் புதுசா, பழசா? (பழசுன்னா வேண்டாம்.)
2. ஈயம் வைக்கறதுக்கு முன்னாடி ஒயரை விரிச்சதைக் காட்டச் சொல்லுங்க.
3. நிப்பிளை வைஸ்ல பிடிச்சு, நம்ம கண் முன்னாடி பலமா இழுத்துக் காட்டச் சொல்லுங்க. நல்ல வேலைக்காரர் இதுக்குக் கோச்சுக்க மாட்டார்.
4. ஸ்க்ரூ போட்டு இறுக்கற நிப்பிள் வழியில நின்னுட்டா வீடு வந்து சேர மட்டும். அதுவும் கிளட்சுக்குத்தான், பிரேக்குக்குக் கூடாது.
5. மாட்டும்போது லீவர்ல நிப்பிள் உட்கார்ற குழியில ஒரு சொட்டு கிரீஸ். அது அங்க சுழலணும். சுழலாம இறுகினா ஒவ்வொரு பிடிக்கும் ஒயர் அதே இடத்துல மடங்கி மடங்கித்தான் பிசிறு விடும். எங்க பழைய கேபிள் செத்ததும் அப்படித்தான்.

புது கேபிளுக்கு இருநூத்தம்பது கொடுத்தேன். முன்னூறா வச்சுக்கோங்கண்ணேன்னேன். அம்பதைத் திருப்பிக் கொடுத்துட்டார். "வேலைக்கு என்னவோ அதைக் கொடுங்க தம்பி, போதும்"னார். வைஸ்ல மாட்டி, என் கையில கொடுத்து, "நீங்களே இழுங்க"ன்னார். ஒரு காலைச் சுவத்துல ஊன்றிக்கிட்டு இழுத்தேன். அசையலை.

தங்கச்சிக்குப் புதுக் கண்ணாடி ஆயிரத்து நானூறு. நான் சம்பாதிச்ச லாபம் நூத்தி முப்பது. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கோங்க.

பி.கு.: இதைப் படிச்சு முடிச்சதும் கீழ போய் உங்க வண்டியோட பிரேக் லீவரை லேசா இழுத்து, நிப்பிள் பக்கம் ஒரு பார்வை பாருங்க. ஒரே ஒரு இழை பிசிறு விட்டிருந்தாலும் நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க.